இலவச ஊசி என்றால் ஐயப்பட வேண்டுமா?

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

நிமோனியா என்ற நுரையீரல் தொற்றை உண்டாக்கும் நிமோகோக்கஸ் கிருமிக்கு எதிராக மூத்தோருக்குப் போடப்படும் நிமோகோக்கல் தடுப்பூசியை (பேச்சுவழக்கில் 'நிமோனியா ஊசி') பற்றிச் சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்கள் ஓர் இதழுக்குப் போதுமான அளவு சேர்ந்துவிட்டதால், இம்முறை வேறு நோய்களைக் கலக்காமல் அவற்றுக்கு மட்டுமே விடையளிக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து பெற்றோரை அழைத்து வந்திருக்கும் ஒருவரின் கேள்வியும் இவற்றுள் இடம்பெறுகிறது.

கேள்வி: எனக்கு 68 வயது. ஈசூனில் வசிக்கிறேன். 'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டத்தில் பதிந்துகொண்டால் நிமோனியா ஊசியை இலவசமாகவே போட்டுக்கொள்ளலாம் என்று பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) தாதி ஒருவர் சொன்னார். 2022இல் என் அண்ணன் இதே ஊசிக்குப் பணம் கட்டினார். விலையுள்ள பொருள் திடீரென்று இலவசமாவது எப்படி? காலாவதியாகப் போகும் சரக்கை எங்களைப் போன்ற கிழவர்கள் கையில் குத்தித் தீர்க்கிறார்களோ என்று வீட்டில் பேசிக்கொள்கிறோம்.

பதில்: உங்கள் வீட்டுப் பேச்சு எனக்குப் புதிதல்ல. ஆயினும் இந்தச் சலுகை திடீரென்று வந்ததும் அல்ல. மூன்று படிகளில் வந்தது. சிங்கப்பூரின் சுகாதார அமைச்சு, பெரியவர்களுக்கென ஒரு தேசியத் தடுப்பூசி அட்டவணையை 2017 நவம்பரில் வெளியிட்டது. அதுவரை தடுப்பூசி என்றாலே குழந்தைகளுக்குரியது என்றுதான் பெரும்பாலோர் எண்ணியிருந்தோம். அந்த அட்டவணையில் 65 வயதைக் கடந்த அனைவருக்கும் நிமோகோக்கல் தடுப்பூசி பரிந்துரைக்கப்பட்டதோடு, அதற்கு மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பான மெடிசேவிலிருந்து பணம் எடுக்கவும் அனுமதி கிடைத்தது. அது சலுகையன்று, உங்கள் பணத்தையே உங்களுக்காகச் செலவிட வழிவிட்டது, அவ்வளவுதான். உண்மையான கட்டணக் கழிவு 2020 நவம்பரில் தொடங்கியது. பலதுறை மருந்தகங்களிலும், தனியார் மருந்தகங்களில் அரசாங்கக் கட்டணக் கழிவு தரும் சாஸ் திட்டத்தில் இணைந்தவற்றிலும், அட்டவணையில் உள்ள ஊசிகளுக்கு அரசாங்கம் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டது. மீதியை நோயாளி கட்டினார். நீலம், ஆரஞ்சு, பச்சை என்ற சாஸ் அட்டையின் நிறத்துக்கும், மூத்தோருக்கான சலுகைப் பிரிவுகளில் முன்னோடித் தலைமுறையா மெர்டேக்கா தலைமுறையா என்பதற்கும் ஏற்ப அந்த மீதி கூடியது அல்லது குறைந்தது. உங்கள் அண்ணன் 2022இல் கட்டியது இந்த மீதித் தொகையாகத்தான் இருக்க வேண்டும்.

மூன்றாவது படி, 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி. ஒவ்வொருவரும் தமக்கென ஒரே மருந்தகத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிந்துகொண்டு, அங்குள்ள மருத்துவரோடு நீண்டகால உறவை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அவ்வாறு பதிந்துகொண்ட சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு, அவரவர் வயதுக்கும் உடல்நிலைக்கும் பரிந்துரைக்கப்பட்ட நிமோகோக்கல் தடுப்பூசி பதிவுசெய்த மருந்தகத்திலேயே முழுச் சலுகையில் போடப்படுகிறது. அட்டையின் நிறம் இதற்குக் குறுக்கே வராது. அரசாங்கம் ஏன் இவ்வளவு செலவு செய்கிறது என்பதற்கும் மறைபொருள் எதுவுமில்லை. 2019ஆம் ஆண்டின் மரணக் காரணங்களில் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் நிமோனியா இருந்தது. அவ்வாண்டு இறந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அதனால் இறந்தார். மருத்துவமனையில் ஒரு மூத்தவர் பத்து நாள் படுத்தால் ஆகும் செலவோடு ஓர் ஊசியின் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த மரணங்கள் எல்லாவற்றுக்கும் நிமோகோக்கஸ் கிருமிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. நுரையீரலைத் தாக்கும் கிருமிகள் பல. அவற்றுள் ஊசியால் தடுக்கக்கூடிய பெரும்பகைவன் இது.

காலாவதி பற்றி ஐயமிருந்தால், ஊசி போடுமுன் பெட்டியின் மேலுள்ள தேதியைக் காட்டச் சொல்லுங்கள். எந்தத் தாதியும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் ஊசியைத் தவறாமல் போட்டுக்கொள்கிறேன். நிமோனியா ஊசியும் எதற்கு? இரண்டும் நெஞ்சுச் சளிக்குத்தானே?

பதில்: இரண்டும் வெவ்வேறு. சளிக்காய்ச்சல் ஊசி இன்புளுவென்சா என்ற வைரசுக்கு எதிரானது. அந்த வைரசு ஆண்டுக்காண்டு உருமாறுவதால் ஊசியையும் ஆண்டுதோறும் போட வேண்டியிருக்கிறது. நிமோகோக்கஸ் ஒரு பாக்டீரியா. அதற்கான ஊசி ஆண்டுதோறும் தேவைப்படாது. ஆனால் இவ்விரு கிருமிகளுக்கும் இடையே ஒரு கூட்டணி உண்டு. சளிக்காய்ச்சல் வைரசு மூச்சுக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கி வைத்துவிட்டுப் போகும். ஏற்கெனவே தொண்டையில் குடியிருந்த நிமோகோக்கஸ் அந்தப் புண்வழியே நுரையீரலுக்குள் இறங்கும். 1918ஆம் ஆண்டின் பெருங்கொள்ளைநோயில் இறந்தவர்களில் மிகப் பலரைக் கொன்றது வைரசைத் தொடர்ந்து வந்த பாக்டீரியா நிமோனியாதான் என்பது பிற்கால ஆய்வுகளில் தெளிவானது. இரண்டு ஊசிகளையும் ஒரே நாளில், கைக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: எனக்கு 71 வயது, நீரிழிவும் உண்டு. 2021இல் '23 வகை' ஊசி என்று ஒன்று போட்டார்கள். இப்போது புதிய மருத்துவர் '13 வகை' அல்லது '20 வகை' ஊசி ஒன்று போட வேண்டும் என்கிறார். 23 என்பது 20ஐவிடப் பெரிதாயிற்றே? பெரியதைப் போட்டுக்கொண்டவருக்குச் சிறியது எதற்கு?

பதில்: அஞ்சலில் வந்தவற்றுள் என்னை மிகவும் மகிழ்வித்த கேள்வி இது. எண்ணை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வதே சரி. ஆனால் ஊசியின் ஆற்றல் எண்ணில் மட்டும் இல்லை.

நிமோகோக்கஸ் கிருமி தன்மேல் ஒரு வழவழப்பான சட்டையை அணிந்திருக்கிறது. நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன அந்தச் சட்டைதான் நம் வெள்ளணுக்களின் பிடியிலிருந்து அதை வழுக்கித் தப்பச் செய்கிறது. சட்டையின் அமைப்பைக் கொண்டு இக்கிருமியை ஏறத்தாழ 100 வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு சட்டையை அடையாளம் காணப் பழகிய உடல், வேறு சட்டை போட்டு வருபவனைப் பொதுவாக அடையாளம் காணாது. ஆகவே நோயை மிகுதியாக உண்டாக்கும் வகைகளைத் தேர்ந்து, அவற்றின் சட்டைத் துணியை மட்டும் பிரித்தெடுத்து ஊசியாக்கினார்கள். 1977இல் அமெரிக்காவில் 14 வகைகளைக் கொண்ட ஊசி அனுமதி பெற்றது. 1983இல் அது 23 வகைகளாக விரிந்தது. நீங்கள் 2021இல் போட்டுக்கொண்டது இந்த 23 வகை ஊசி.

இதில் ஒரு குறை இருந்தது. வெறும் சர்க்கரைச் சங்கிலியைக் கண்டால் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்குமேயொழிய, அந்த அனுபவத்தை நெடுநாள் நினைவில் வைத்துக்கொள்ளாது. நினைவாற்றலுக்குத் துணைபுரியும் டி செல்கள் என்ற அணுக்கள் புரதத்தைக் கண்டால்தான் விழித்துக்கொள்ளும். சர்க்கரை அவற்றின் கண்ணில் படுவதில்லை. அதனால் பாதுகாப்பு சில ஆண்டுகளில் மெல்ல மெல்லத் தேய்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அந்த ஊசி சரிவர வேலையே செய்யவில்லை. இதற்கு மாற்றாகச் சர்க்கரைச் சங்கிலியை ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுக்கும் முறை வந்தது. தொண்டை அடைப்பான் நச்சின் தீங்கற்ற ஒரு வடிவம் அந்தப் புரதமாகப் பயன்படுகிறது. புரதத்தைப் பார்த்து விழித்துக்கொள்ளும் டி செல்கள், அதோடு ஒட்டியிருக்கும் சர்க்கரையையும் நினைவில் பதிய வைக்க உதவுகின்றன. 2000இல் 7 வகைகளோடு வெளிவந்த இந்த இணைப்பு ஊசி, 2010இல் 13 வகைகளுக்கும் 2021இல் 15, 20 வகைகளுக்கும் வளர்ந்தது. அமெரிக்காவில் 2024இல் பெரியவர்களுக்கென்றே 21 வகை ஊசி ஒன்றும் அனுமதி பெற்றது.

எனவே உங்கள் கையில் ஏற்கெனவே ஏறியது பரந்த ஆனால் ஆழம் குறைந்த பாதுகாப்பு. இப்போது மருத்துவர் தர விரும்புவது சற்றுக் குறுகிய ஆனால் ஆழமான பாதுகாப்பு. 23 வகை ஊசியை முதலில் போட்டுக்கொண்டவர்கள் குறைந்தது ஓர் ஆண்டு இடைவெளி விட்டு இணைப்பு ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். 2021 கடந்து நெடுநாளாகிவிட்டதால் உங்களுக்கு அந்தத் தடையில்லை. இரண்டையும் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முறை தலைகீழ்: முதலில் 13 வகை இணைப்பு ஊசி, ஓர் ஆண்டு கழித்து 23 வகை. நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களுக்கு அந்த ஓர் ஆண்டை எட்டு வாரங்கள் வரை சுருக்குவதுண்டு. 20 வகை இணைப்பு ஊசியைப் போட்டுக்கொண்டவருக்கு அதன்பின் 23 வகை பொதுவாகத் தேவைப்படுவதில்லை. இரண்டு ஊசிக்காக இரண்டு முறை பிள்ளைகளிடம் விடுப்பு எடுக்கச் சொல்லத் தயங்கும் மூத்தவர்களுக்கு இது சிறிய ஆறுதலன்று. உங்களுக்கு எது சலுகையில் கிடைக்கும் என்பதை, போட்டுக்கொள்ளும் நாளன்று பதிவுசெய்த மருந்தகத்திலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். அட்டவணை காலத்துக்கேற்ப மாறுவது.

கேள்வி: ஊசி போட்டும் என் கணவருக்கு நிமோனியா வந்துவிட்டது. பிறகு எதற்கு இந்த ஊசி? (தோ பாயோ வாசகி)

பதில்: உங்கள் கோபம் நியாயமானதே. ஊசியை விளக்கும்போது எங்களைப் போன்றவர்கள் 'நிமோனியா ஊசி' என்று சுருக்கிச் சொல்லிவிடுகிறோம். கேட்பவர் இனி நிமோனியாவே வராது என்று புரிந்துகொள்கிறார். பிழை பெயரில் தொடங்குகிறது.

நெதர்லாந்தில் 65 வயதைக் கடந்த ஏறத்தாழ 84,500 பேரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான பேராய்வு ஒன்று இதற்குத் தெளிவான அளவுகோல் தருகிறது. பாதிப்பேருக்கு 13 வகை ஊசியும் மறுபாதிக்கு மருந்தற்ற ஊசியும் போட்டுச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஊசியில் அடங்கிய வகைகளால் வரும் நிமோனியா ஏறத்தாழ 46 விழுக்காடு குறைந்தது. அதே வகைகள் இரத்தத்திலோ மூளையுறையிலோ புகுந்து உண்டாக்கும் கொடிய தொற்று 75 விழுக்காடு குறைந்தது. ஆனால் எல்லாக் கிருமிகளாலும் வரும் நிமோனியாவை ஒன்றாகச் சேர்த்து எண்ணியபோது இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இந்த மூன்றாவது செய்தியை விளம்பரத் தாள்களில் காண்பது அரிது. நான் இதை மறைக்காமல் சொல்வதற்குக் காரணம், ஊசி எதைத் தடுக்கும் என்று சரியாகத் தெரிந்தவர்தான், தடுக்காதது வந்தபோது ஊசியைப் பழிக்கமாட்டார்.

உங்கள் கணவரைத் தாக்கியது வேறு கிருமியாக இருந்திருக்கலாம். ஊசியில் இல்லாத சட்டை போட்ட நிமோகோக்கஸாகவும் இருந்திருக்கலாம். எப்படியாயினும், கிருமி இரத்தத்தில் கலந்து தீவிரச் சிகிச்சைப் பிரிவுவரை கொண்டுபோகும் நிலையைத் தவிர்ப்பதே இந்த ஊசியின் முதல் வேலை. அடுத்த ஊசி மீதமிருந்தால் அவர் உடல் தேறியபின் போட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி: 65 என்ற கோட்டை யார் கிழித்தார்கள்? எனக்கு 58 வயதுதான், ஆனால் இதய அடைப்புக்கு மருந்து உண்கிறேன்.

பதில்: 65ஆம் பிறந்தநாளன்று உடலில் எதுவும் அணைந்துபோவதில்லை. நோயின் கடுமை எந்த வயதில் ஏறுகிறது, எவ்வளவு பேருக்குச் செலவிட முடியும் என்ற இரண்டு கணக்குகளும் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொரு நாடும் தன் கோட்டைக் கிழிக்கிறது. ஜப்பான் 2014 அக்டோபரில் மூத்தோருக்கான நிமோகோக்கல் ஊசியைச் சலுகைப் பட்டியலில் சேர்த்தபோது 65 என்றது. ஆஸ்திரேலியா 2020 ஜூலையில் பொதுமக்களுக்கு 70 என்றும் பூர்வகுடியினருக்கு 50 என்றும் வைத்தது. அமெரிக்க வல்லுநர் குழு 2024 அக்டோபரில் தன் பரிந்துரையை 65இலிருந்து 50க்கு இறக்கியது. சிங்கப்பூரில் வயதுக்கோடு 65 ஆயினும், 18 முதல் 64 வயதுக்குள் நீரிழிவு, நாட்பட்ட இதய, நுரையீரல், கல்லீரல், சிறுநீரக நோய்கள் உள்ளவர்களும், மண்ணீரல் அகற்றப்பட்டவர்களும், எதிர்ப்பாற்றல் குன்றியவர்களும் அட்டவணையில் அடங்குவார்கள். நீங்கள் இப்போதே தகுதியுடையவர். 65 ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: மதுரையிலிருந்து என் பெற்றோர் நீண்டகால வருகை அனுமதியில் வந்து எங்களோடு பாசிர் ரிஸ்ஸில் தங்கியிருக்கிறார்கள். அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 70. நான் குடிமகன் என்பதால் அவர்களுக்கும் இந்தச் சலுகை உண்டா?

பதில்: இல்லை. பிள்ளையின் குடியுரிமை பெற்றோரின் ஊசிக்குப் பாயாது. அவர்கள் இங்கே போட்டுக்கொண்டால் முழு விலையையும் நீங்களே கட்ட வேண்டியிருக்கும், போடுவதற்குத் தடையில்லை.

இந்தியாவில் போட்டுக்கொள்ளலாமே என்று நீங்கள் எண்ணக்கூடும். அங்கு அரசுத் திட்டம் குழந்தைகளுக்குரியது. இந்திய அரசு இந்த இணைப்பு ஊசியை 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021இல் தமிழ்நாடு உட்பட நாடு முழுவதற்கும் விரிவாக்கியது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று முறை போடுகிறார்கள். பெரியவர்களுக்கு அப்படியொரு இலவசத் திட்டம் நாடு தழுவிய அளவில் இல்லாததால் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டித்தான் போட்டுக்கொள்ள வேண்டும். ஆயினும் பேரக்குழந்தைக்குப் போட்ட ஊசி தாத்தா பாட்டிக்கும் ஓரளவு காவலாகிறது என்பது பல நாடுகளில் கண்ட உண்மை; ஏனெனில் இக்கிருமி பெரும்பாலும் சிறு குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் குடியிருந்து, கொஞ்சும்போதும் தும்மும்போதும் மூத்தவர்களிடம் தாவுகிறது. சிங்கப்பூர் 2009 முதல் தன் குழந்தைகளுக்கு இதைப் போட்டுவருகிறது. உங்கள் பிள்ளைகளின் ஊசி அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

பெற்றோர் எந்த நாட்டில் போட்டுக்கொண்டாலும் ஊசியின் பெயர், தேதி அடங்கிய சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

கேள்வி: இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்கிறேன். ஊசி போடலாமா? காய்ச்சல் வருமா?

பதில்: போடலாம். மாத்திரை உண்பதை முன்கூட்டியே சொன்னால் மெல்லிய ஊசியைப் பயன்படுத்துவார்கள். போட்ட இடத்தைத் தேய்க்காமல் சில நிமிடங்கள் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். கையில் வலியும் வீக்கமும், சிலருக்கு இலேசான காய்ச்சலும் அசதியும் ஓரிரு நாள் இருக்கும். ஊசியில் உயிருள்ள கிருமி இல்லையாதலால் அதனாலேயே நிமோனியா வர வழியில்லை. அன்று கடும் காய்ச்சல் இருந்தால் நாளைத் தள்ளிப்போடுங்கள். முன்பு ஏதேனும் தடுப்பூசிக்கு முகம் வீங்கி மூச்சுத் திணறியிருந்தால் மட்டும் மருத்துவரிடம் பேசாமல் போட்டுக்கொள்ளக் கூடாது.

கேள்வி: என் தாயார் மறதிநோய் முற்றிப் படுக்கையில் இருக்கிறார். வயது 83. ஓராண்டுக்குள் மூன்று முறை நிமோனியாவுக்காக மருத்துவமனையில் சேர்த்தோம். இந்த ஊசியைப் போட்டால் நிற்குமா?

பதில்: உங்களுக்குப் பொய்யான நம்பிக்கை தர மனம் வரவில்லை. மறதிநோய் முற்றியவர்களுக்கு மீண்டும் மீண்டும் நிமோனியா வருவதற்குப் பெரும்பாலும் காரணம், விழுங்கும் வழி தடுமாறி உணவும் உமிழ்நீரும் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவதுதான். அதில் வாயில் உள்ள பலவகைக் கிருமிகளும் சேர்ந்தே போகும். ஊசி அவற்றுள் ஒன்றைத்தான் தடுக்கும். முன்பு போடாதிருந்தால் போட்டுவிடுங்கள். அவருக்கு அது உரியதே. ஆனால் அதோடு முடிந்தது என்று எண்ண வேண்டாம்.

விழுங்கும் திறனைச் சோதிக்கும் பேச்சுச் சிகிச்சையாளரிடம் ஒருமுறை காட்டுங்கள். கஞ்சியோ தேநீரோ எவ்வளவு கெட்டியாக இருந்தால் அவருக்குப் பாதுகாப்பு என்று அவர் அளந்து சொல்வார். படுத்த நிலையில் ஊட்டாமல், முதுகுக்கு அணை கொடுத்து நேராக உட்காரவைத்துச் சிறு கரண்டியால், முந்தைய வாய் இறங்கியதைப் பார்த்தபின் அடுத்த வாயைக் கொடுங்கள். உண்டபின் அரைமணி நேரமாவது உட்கார்ந்தே இருக்கட்டும். பல் இல்லாவிட்டாலும் நாளுக்கு இருமுறை ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். ஊட்டுவது வீட்டுப் பணிப்பெண் என்றால் இதை அவருக்கு நீங்களே செய்துகாட்ட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் யாரும் காட்டுவதில்லை. அவரை வெளியே கொண்டுசெல்ல முடியாதென்றால் வீட்டுக்கே வரும் மருத்துவச் சேவையின் மூலம் ஊசி போட ஏற்பாடு செய்ய முடியுமா என்று அவரைக் கவனிக்கும் மருத்துவக் குழுவிடம் கேளுங்கள்.

கேள்வி: ஹெல்தியர் எஸ்ஜியில் சேர எனக்கு இணையம் தெரியாது. அப்பாவுக்குப் போட்ட ஊசியின் அட்டையும் தொலைந்துவிட்டது.

பதில்: அரசாங்கத்தின் ஹெல்த்ஹப் என்ற சுகாதாரச் செயலியில் சிங்பாஸ் என்ற மின்னிலக்க அடையாளம் கொண்டு நுழைந்தால் பதிவும் செய்யலாம், சிங்கப்பூரில் போட்டுப் பதிவான தடுப்பூசிகளின் பட்டியலையும் பார்க்கலாம். கைப்பேசி பழக்கமில்லாதவர்கள் அடையாள அட்டையோடு சமூக மன்றத்துக்கோ சேர விரும்பும் மருந்தகத்துக்கோ நேரில் போனால் உதவுவார்கள். மருந்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது புகழைவிட நடந்துபோகும் தொலைவைப் பாருங்கள். பதிந்தபின் முதல் நலத்திட்ட ஆலோசனைக்கு உங்கள் மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அப்பாவின் ஊசி பட்டியலில் இல்லையென்றால், எந்த ஆண்டில் எந்த மருந்தகத்தில் போட்டார் என்பதை நினைவுள்ளவரை எழுதிக் கொடுங்கள், அந்த மருந்தகத்தின் ஏட்டில் தேடிப் பார்க்க அதுவே போதும்.